கமான் பட்டை உடையும் இடத்தில்தான் இறக்கையும் உடைகிறது

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் ஏதாவது ஒரு லாரிப் பட்டறையில், மூலையில் குவித்துப் போட்டிருக்கும் உடைந்த கமான் பட்டைகளை, அதாவது லாரியின் எடையைத் தாங்கும் வில் பட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். சென்டர் போல்ட் ஓட்டை வழியாகவே இரண்டாகப் போன மெயின் பட்டை ஒன்றாவது கிடைக்கும். அதன் உடைந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இரண்டு விதமான பரப்பு தெரியும். ஓட்டையின் ஓரத்தில் தொடங்கும் ஒரு பகுதி வழவழவென்று, துரு ஏறிக் கறுத்து, குளத்துத் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழும் கோடுகள் மாதிரி வரிவரியாக இருக்கும். மிச்சப் பகுதி கருப்பட்டியை உடைத்த மாதிரி சொரசொரப்பாக, ஆனால் பளிச்சென்று இருக்கும். கறுத்த பகுதி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. பளிச்சென்ற பகுதி கடைசி நொடியில் போனது. டிரைவரைக் கேட்டால் "ஒரே ஒரு குழியில விட்டனுங்க, உடைஞ்சு போச்சு" என்பார். பாவம், அந்தக் குழி மேல் பெரிய குற்றமில்லை.

பயிருக்கு மருந்தடிக்கும் சிறு விமானங்களின் இறக்கையிலும் நடப்பது இதேதான். ஓட்டையின் ஓரம், கண்ணுக்குத் தெரியாத விரிசல், மெல்ல வளர்ச்சி, பட்டென்று முடிவு. பட்டை உடைந்தால் லாரி ஒரு பக்கம் சாய்ந்து ரோட்டோரம் நிற்கும். இறக்கை உடைந்தால் அப்படி ஓரம் கட்ட இடம் கிடையாது. அதனால்தான் இன்ன மணி நேரம் பறந்ததும் இன்ன ஓட்டையை இன்ன கருவியால் பார்த்தே தீர வேண்டும் என்று அரசாங்கமே உத்தரவு போடுகிறது.

நம் ஊர் வானத்தில் இப்போது மருந்தடிக்கும் விமானம் கிடையாது. பொள்ளாச்சித் தோப்பிலும் கோபி வயலிலும் பறப்பது ட்ரோன். இந்தியாவில் அந்த வேலைக்கென்றே பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் 'பசந்த்' என்ற விமானத்தைச் செய்து 1972இல் பறக்கவிட்டது. அது இன்று பழங்கதை. ஆனால் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கும், கோயம்புத்தூர்ப் பவுண்டரிகளில் விரிசல் சோதனை செய்து பழகியவர்களுக்கும் இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் போன்ற நாடுகளில் ஏர் டிராக்டர், திரஷ் போன்ற விமானங்கள் இன்றும் சீசன் முழுக்க உழைத்துக்கொண்டிருக்கின்றன.

உலோகம் ஏன் சோர்ந்துபோகிறது

கட்டுக்கம்பியை இழுத்து அறுக்கச் சொன்னால் யாராலும் முடியாது. ஆனால் இப்படியும் அப்படியுமாகப் பத்துத் தடவை வளைத்தால் கையோடு வந்துவிடும். இழுத்து அறுக்கத் தேவையான விசையில் சின்னப் பங்கே போதும், திரும்பத் திரும்பக் கொடுத்தால் சரி. இதை உலோகச் சோர்வு என்கிறோம். பட்டறையில் 'பெட்டீக்' என்றால் எல்லோருக்கும் புரியும். ஜெர்மனியில் ரயில் அச்சுகள் காரணமே தெரியாமல் முறிந்துகொண்டிருந்தபோது, வோலர் என்ற பொறியாளர் 1850களிலும் 60களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து இதற்கு முதல் கணக்கு போட்டார்.

கணக்கில் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். விரிசல் வளரும் வேகம் சுமையோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. அலுமினியக் கலவைகளில் அது ஏறக்குறைய சுமையின் மூன்றாம், நான்காம் அடுக்காக ஏறும். 20 சதவீதம் கூடுதல் சுமை என்றால் விரிசல் 20 சதவீதம் அல்ல, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாக ஓடும். அதாவது ஆயுள் பாதி. ஓவர்லோடு அடிக்கும் லாரிக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இறக்கையில் எந்த இடம்

கொடுமுடித் தீர்த்தத்தைக் காவடியில் கட்டிப் பழனிக்குத் தூக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் தோள் தாங்குகிறது, இரண்டு முனைகளிலும் குடம் தொங்குகிறது, தண்டின் முனைகள் கீழே வளைகின்றன. தண்டின் மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் அமுங்கும். தரையில் நிற்கும் விமானத்தின் இறக்கை இந்தக் காவடித் தண்டுதான். பறக்கும்போது எல்லாம் தலைகீழ். காற்று இரண்டு இறக்கைகளையும் மேலே தூக்குகிறது, நடுவில் உடற்பகுதியின் எடை கீழே இழுக்கிறது. இறக்கை மேல்நோக்கி வளைகிறது, அதன் கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. விரிசலைத் திறப்பது இழுவை. அமுக்கம் அதை மூடத்தான் பார்க்கும். ஆகவே இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில், கீழ்விளிம்புப் பட்டையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதை 'லோயர் ஸ்பார் கேப்' என்பார்கள். வளைவு அதிகம் விழுவது இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதியில்.

அதே அடிப்பகுதியில்தான் இடது, வலது ஸ்பார்களைத் தகடு வைத்து போல்ட் போட்டு இணைக்க வேண்டியிருக்கிறது. அங்கேதான் வம்பு. இழுபடும் தகட்டில் வட்டமாக ஒரு ஓட்டை போட்டால், ஓட்டையின் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்காகிறது. ஓட்டை சின்னதோ பெரியதோ, மூன்று மடங்குதான். போதாததற்கு, வரிசையாகப் பல போல்ட் போட்ட இணைப்பில் எல்லா போல்ட்டும் சுமையைச் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதும் இல்லை. வரிசையின் கோடியில் இருக்கும் போல்ட்தான் அதிகம் வாங்கும். ஏர் டிராக்டர் விமானங்களுக்கு வந்த உத்தரவுகள் நடு இணைப்பின் வெளிக்கோடி ஓட்டைகளைக் குறிவைத்தது இந்தக் காரணத்தால்தான்.

இந்த விரிசல் ஓட்டையின் உள்சுவரில் பிறக்கிறது. மேலே போல்ட் தலை, வாஷர், இணைப்புத் தகடு எல்லாம் மூடியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலும், பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தாலும் தெரியாது. வெளியில் தெரியும் அளவு வளர்ந்துவிட்டதென்றால் மிச்சம் பறக்கும் நேரம் அதிகமில்லை.

மருந்தடிக்கும் விமானத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி

ஏர் டிராக்டர் 802 என்ற மாடலில் மருந்துத் தொட்டி 800 அமெரிக்க காலன், நம் கணக்கில் 3,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மாடல் எண்ணே தொட்டி அளவைத்தான் சொல்கிறது. 502 என்றால் 500 காலன். 802 கிளம்பும்போது மொத்த எடை 7,250 கிலோ வரை போகலாம். மூன்று டன் மருந்தோடு ஏறி, பயிருக்கு மூன்று நான்கு மீட்டர் மேலே ஓடி, வயல் முடிந்ததும் மூக்கைத் தூக்கி மேலே ஏறி, கடுமையாகச் சாய்ந்து திரும்பி, மறுபடி இறங்க வேண்டும். 60 டிகிரி சாய்வில் உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கை தாங்குவது விமானத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு.

தோராயமாகக் கணக்கு போடுங்கள். ஒரு லோடுக்கு 20 திருப்பம், ஒரு நாளைக்கு 15 லோடு என்றால் 300 தடவை இறக்கை நன்றாக வளைந்து நிமிர்கிறது. ஒவ்வொரு லோடுக்கும் ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் தனி. பயணிகள் விமானம் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவைதான் ஏறி இறங்குகிறது, அதுவும் மேகத்துக்கு மேலே அமைதியான காற்றில் போகிறது. தரையை ஒட்டிப் பறக்கும்போது வெயிலில் கிளம்பும் சூடான காற்று ஓயாமல் உலுக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் போகும் காரையும் குவாரிக்குள் ஓடும் டிப்பரையும் ஒரே கிலோமீட்டர் கணக்கில் சர்வீஸ் விட முடியுமா?

மருந்தும் தன் பங்குக்கு அரிக்கும். காப்பர் ஆக்சிகுளோரைடு மாதிரி தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி அலுமினியத்தில் பட்டு ஈரத்தோடு தங்கினால், தாமிரமும் அலுமினியமும் சேர்ந்து சின்ன பேட்டரியாகிவிடும், அலுமினியம் குழி குழியாகத் தின்னப்படும். உரக் கரைசலும் உப்புதான். விமானத்தைச் சப்பைத் தண்ணியில் கழுவிவிட்டுக் காய வைத்தால் அந்த உப்பும் இடுக்கில் சேரும். இப்படி விழும் ஒரு அரிப்புக் குழியே விரிசலுக்கு முளைவிடும் இடம். இது போக, இறுக்கம் குறைந்த இணைப்பில் தகடும் ஸ்பாரும் ஒன்றோடொன்று நுணுக்கமாக உரசிக் கருப்புப் பொடி கக்கும். அந்த உரசலும் ஓட்டை ஓரத்தைக் கீறிவிடும். டிரில் போட்டவர் பிசிறை எடுக்காமல் விட்டிருந்தால் விரிசலுக்கு வேறு அழைப்பே வேண்டாம்.

உத்தரவு என்றால் என்ன

ஒரே மாடலில் பல விமானங்களில் ஆபத்தான குறை இருக்கலாம் என்று தெரிந்தால், அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.ஏ. அமைப்பு 'ஏர்வொர்தினஸ் டைரக்டிவ்' என்ற கட்டாய உத்தரவை வெளியிடும். விமானம் பழுது பார்க்கும் ஹேங்கரில் இதை ஏ.டி. என்பார்கள். தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டின் வேறு, ஏ.டி. வேறு. புல்லட்டின் பரிந்துரை. ஏ.டி. சட்டம். குறித்த நேரத்துக்குள் செய்யவில்லை என்றால் அந்த விமானம் பறக்கத் தகுதியில்லாதது. வெளிநாட்டில் வடிவமைத்த விமானத்தை இந்தியாவில் பதிவு செய்திருந்தாலும், வடிவமைத்த நாட்டின் ஏ.டி.யை நிறைவேற்றியாக வேண்டும் என்று நம் நாட்டு விமானத் துறைக் கண்காணிப்பு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வும் கேட்கும்.

ஏ.டி.யைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்த மாடல், எந்த சீரியல் நம்பர் என்பதை. அடுத்து எத்தனை மணி நேரத்துக்குள் என்பதை. இந்த மணிக்கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதுதான் பலருக்கும் புரியாத இடம். கருவியால் நம்பிக்கையாகக் கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சின்ன விரிசல் ஒரு அளவு. இறக்கை தாங்காமல் போகும் விரிசல் இன்னொரு அளவு. முதல் அளவிலிருந்து இரண்டாவது அளவுக்கு வளர, உதாரணத்துக்கு, 1,200 மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 1,200 மணிக்கு ஒரு தடவை பார்த்தால் போதுமா? போதாது. ஒரு தடவை கண்ணில் தப்பினால் கதை முடிந்தது. அதனால் இடைவெளியை 600 அல்லது 400 என்று வைப்பார்கள். தப்பினாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும். "போன தடவை ஒண்ணுமே இல்லீங்களே, இந்தத் தடவை தள்ளிப் போடலாம்" என்று ஓனர் சொல்வது சகஜம். போன தடவை ஒன்றும் இல்லை என்பதற்கு, கருவி பிடிக்கும் அளவுக்கு இல்லை என்று மட்டும்தான் பொருள்.

பறந்த மணி மட்டுமே கணக்கல்ல என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் பைப்பர் பயிற்சி விமானங்கள். 2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் டேடோனா பீச்சில் ஒரு பைப்பர் பி.ஏ.28ஆர் கிளம்பியதும் இடது இறக்கை கழன்று, மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். கீழ் ஸ்பார் கேப்பில், போல்ட் ஓட்டையில் சோர்வு விரிசல். விமானம் ஏறத்தாழ 7,700 மணி நேரம்தான் பறந்திருந்தது, ஆனால் எல்லாம் பயிற்சி ஓட்டம், ஏறுவதும் இறங்குவதும். 2021இல் நடைமுறைக்கு வந்த ஏ.டி. அதற்கென்றே ஒரு கணக்கு சொன்னது. வாடகைக்கும் பயிற்சிக்கும் ஓடும் விமானங்களுக்குக் கட்டாயமான 100 மணி சர்வீஸ் எத்தனை நடந்திருக்கிறது என்று எண்ணி, அதை 100ஆல் பெருக்க வேண்டும். மொத்த மணியில் அதைக் கழித்து, மிச்சத்தை 17ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். வரும் எண் 5,000ஐத் தொட்டால் ஓட்டையைச் சோதிக்க வேண்டும்.

இரண்டு விமானங்கள், இரண்டும் 12,000 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் 60 சர்வீஸ். 6,000, மிச்சம் 6,000ஐ 17ஆல் வகுத்தால் 353, ஆக 6,353. சோதனை உண்டு. இரண்டாவது சொந்த உபயோகத்தில் ஓடியது, 20 சர்வீஸ்தான். 2,000, அதோடு 10,000ஐ 17ஆல் வகுத்து 588, ஆக 2,588. இப்போதைக்கு இல்லை. மீட்டர் ஒன்று, உழைப்பு வேறு.

மருந்தடிக்கும் விமானங்களிலும் இதே மாதிரி உட்கணக்கு உண்டு. சில மாடல்களில் இறக்கை நுனியில் விங்லெட் என்ற மேல்நோக்கி மடிந்த சிறு இறக்கையை மாட்டினால் ஸ்பாரின் ஆயுளைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். விங்லெட் தூக்குவிசையை நுனிப் பக்கம் தள்ளுகிறது, நெம்புகோல் நீளமாகிறது, அடியில் வளைவு கூடுகிறது.

ஓட்டைக்குள் பார்ப்பது எப்படி

அலுமினியத்தில் காந்தப்பொடி வேலை செய்யாது, அது இரும்புக்குத்தான். பவுண்டரியில் எல்லோரும் அறிந்த சிவப்புச் சாயச் சோதனை மேற்பரப்பு விரிசலைக் காட்டும், ஆனால் ஓட்டையின் உள்சுவரில் அதைச் செய்வதும் பார்ப்பதும் சிரமம். ஒரு எச்சரிக்கை: கம்பி பிரஷ்ஷாலோ மணல் வீச்சாலோ சுத்தம் செய்த அலுமினியத்தில் உலோகம் இழுபட்டு விரிசலின் வாய் மூடிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சாயம் ஊற்றினாலும் உள்ளே இறங்காது.

போல்ட் ஓட்டைக்கு ஏற்றது எடி கரன்ட். பென்சில் மாதிரி புரோபின் நுனியில் ஒரு சின்னச் சுருள். அதில் வேகமாகத் திசை மாறும் மின்சாரம் ஓடும்போது, பக்கத்து உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். விரிசல் குறுக்கிட்டால் அந்த ஓட்டம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த மின்சாரத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு (இம்பீடன்ஸ்) மாறும், திரையில் புள்ளி எகிறும். 100 கிலோஹெர்ட்ஸில் இந்த ஓட்டம் விமான அலுமினியத்துக்குள் 0.4 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்குகிறது. விரிசல் ஓட்டைச் சுவரில் வாய் திறந்திருப்பதால் அதுவே போதும்.

வேலை தொடங்கும் முன் தொட்டியைக் கழுவிக் காலி செய்யுங்கள், எரிபொருளை இறக்குங்கள். பிறகு ஜாக், இறக்கைக்கடியில் தொட்டில். இந்தத் தொட்டில்தான் பாதி வேலை. இறக்கையின் எடை போல்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கும்போது போல்ட்டைத் தட்டி எடுத்தால், மரை ஓட்டைச் சுவரைக் கோடு கோடாகக் கீறிக்கொண்டு வரும். நீங்களே விரிசலுக்கு விதை போட்ட மாதிரி. எடை முழுக்கத் தொட்டிலுக்கு வந்ததும் போல்ட் கையால் அசையும். அப்போது எடுக்க வேண்டும். எந்த ஓட்டை, எந்தப் பக்கம் என்று எண் எழுதிய சீட்டு ஒவ்வொன்றுக்கும் கட்டாயம். ஓட்டையைக் கரைப்பான் கொண்டு துடைத்து, பூதக்கண்ணாடியில் 10 மடங்கில் பாருங்கள். கீறல், அரிப்பு, கருப்புப் பொடி எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

அடுத்து அளவுத்திருத்தம். அதே கலவையில், அதே விட்டத்தில் ஓட்டை போட்டு, தெரிந்த ஆழத்தில் மெல்லிய வெட்டு வைத்த மாதிரித் துண்டு ஒன்று இருக்கும். வெட்டு பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் புரோபை ஓட்டி, திரையில் வெட்டு எவ்வளவு உயரம் காட்டுகிறது என்று அமைத்துக்கொண்ட பிறகே உண்மையான ஓட்டைக்குப் போக வேண்டும். எல்லா ஓட்டையும் முடிந்ததும் மறுபடி அதே துண்டில் பார்க்க வேண்டும். திரை முதலில் காட்டிய உயரத்தை இப்போது காட்டவில்லை என்றால் இடையில் பார்த்த எதுவும் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இந்தச் சரிபார்ப்பை விடுபவர்கள் உண்டு.

போலி சிக்னல்தான் புதியவர்களைப் படுத்தும். புரோப் சுவரிலிருந்து மயிரிழை விலகினாலே திரை அசையும். ஓட்டை கோணலாக இருந்தாலும், போல்ட்டிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் ஒட்டியிருந்தாலும் அசையும். விரிசலின் சிக்னல் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், எத்தனை தடவை ஓட்டினாலும் வரும். துகள் துடைத்தால் போய்விடும். இதைப் பிரித்தறிவதற்குத்தான் ஏ.டி.க்கள் எடி கரன்ட்டில் லெவல் 2 அல்லது 3 தகுதி கேட்கின்றன. கோயம்புத்தூரில் பம்பு வார்ப்புக்காக எடுத்த சாயச் சோதனைச் சான்றிதழ் இதற்குச் செல்லாது, முறைக்கு முறை தனித் தகுதி. விமானத் துறையில் நாஸ் 410 என்ற தரத்தைக் கேட்பது வழக்கம்.

விரிசல் கிடைத்தால்? சின்னதாக இருந்து உத்தரவும் அனுமதித்தால், ஓட்டையை ரீமர் என்ற துளை சீவும் கருவியால் அடுத்த அளவுக்குப் பெரிதாக்கி, மறுபடி எடி கரன்ட் பார்த்து, விரிசல் முழுக்கப் போய்விட்டதை உறுதி செய்து, பெரிய போல்ட் போடலாம். விளிம்புக்கும் ஓட்டைக்கும் இடையில் குறைந்தபட்சத் தூரம் மிஞ்ச வேண்டும், அது இல்லையென்றால் ஸ்பார் கேப்பையே மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் இறக்கையைக் கழற்றிப் பிரிக்கும் வேலை. சில மாடல்களில் ஓட்டையைக் கொஞ்சம் பெரிய ஊசியால் இழுத்து, ஓரத்து உலோகத்தை அமுக்கத்தில் வைப்பார்கள். அமுங்கிய ஓரத்தில் விரிசல் திறக்கத் தயங்கும். திருப்பிப் பூட்டும்போது டார்க்கை, அதாவது போல்ட்டை முறுக்கும் அளவை, காய்ந்த மரைக்குச் சொன்னதா, எண்ணெய் தடவிய மரைக்குச் சொன்னதா என்று பாருங்கள். காய்ந்த மரைக்குச் சொன்ன எண்ணை எண்ணெய் போட்ட மரைக்குக் கொடுத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

பதிவேட்டில் ஏ.டி. எண், செய்த முறை, தேதி, அன்றைய மணி, அடுத்து எத்தனை மணியில் என்பதெல்லாம் வர வேண்டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. விபத்தில் சிக்கிய ஒரு விமானத்தின் நல்ல இறக்கையை இன்னொன்றில் மாட்டுவது உண்டு. சோர்வுக் கணக்கு இறக்கையோடு போகிறது, உடலோடு அல்ல. 3,000 மணி ஓடிய உடலில் 7,000 மணி இறக்கை இருந்தால் கணக்கு 7,000. பழைய விமானம் வாங்குபவர் இறக்கையின் சீரியல் நம்பரைத் தேடிப் படிக்க வேண்டும்.

மூடி மறைத்த இடம் எவ்வளவு ஆபத்து என்பதை 2002 ஜூனில் கலிபோர்னியாவின் வாக்கர் என்ற ஊரில் பார்த்தார்கள். காட்டுத்தீயின் மேல் மருந்து கொட்டிக்கொண்டிருந்த பழைய சி-130ஏ சரக்கு விமானத்தின் இரண்டு இறக்கைகளும் மடிந்து மேலே போயின. மூன்று பேர் இறந்தார்கள். இறக்கையின் கீழ்த் தோலில் இருந்த சோர்வு விரிசலை, பலப்படுத்த ஒட்டியிருந்த கூடுதல் தகடே மறைத்திருந்தது.

சோதனைக் கெடு வந்துவிட்டது, கருவி இருப்பதோ வேறு ஊரில் என்றால், ஒரு தடவை பறந்து போகத் தனி அனுமதி வாங்கலாம். அதில் வரும் நிபந்தனைகள் இப்படி இருக்கும்: பகலில் மட்டும், தொட்டி காலி, வேகம் குறைவு, தேவையில்லாத திருப்பம் கூடாது, குலுக்கும் காற்றுள்ள பகுதி கூடாது, நேர்வழி. பாலக்காட்டுக் கணவாய் வாயில் ஆடி மாதம் அப்படி ஒன்றை எடுப்பதென்றால், பல்லடத்துக் காற்றாலைகள் வேகம் பிடிக்கும் முன்னே, விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.